விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பண்டைய ஏதென்ஸின் மக்களாட்சி குறித்து இந்த இதழில் வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள் பலர், அங்கும் பின்னாளில் ரோமிலும் நிலவிய அடிமைமுறை பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் எழுதியுள்ளேன்.

மக்களாட்சி பிறந்த ஊர் ஏதென்ஸ் என்று பாடத்தில் படிக்கிறோம். அதே ஊரில் மனிதர்களை வாங்கி விற்றார்கள் என்றும் படிக்கிறோம். இரண்டும் எப்படி ஒரே இடத்தில் இருக்க முடிந்தது?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன என்பதோடு, ஒன்றை மற்றொன்று தாங்கியும் நின்றது. கி.மு. 594இல் சோலோன் கொண்டுவந்த சீர்திருத்தம், கடன் வாங்கும் ஏதென்ஸ்காரர் தம் உடலையே ஈடாக வைக்கும் வழக்கத்தை ஒழித்தது. கடனுக்காக வெளிநாடுகளில் விற்கப்பட்டவர்களைத் தாய்மண்ணுக்கு மீட்டு வந்ததாக அவரே தம் பாடலொன்றில் பெருமையோடு சொல்கிறார். அன்று முதல் ஏழைக் குடிமகனை அடிமையாக்க வழியில்லாமல் போயிற்று. ஆனால் நிலமும் பட்டறையும் சுரங்கமும் வைத்திருந்தவர்களுக்கு ஆள் தேவை குறையவில்லை. அந்த ஆட்கள் திரேஸிலிருந்தும் சிரியாவிலிருந்தும் காரியாவிலிருந்தும் கருங்கடற்கரையிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டார்கள். குடிமகனின் சுதந்திரம் உறுதிப்பட உறுதிப்பட, அயலாரை விலைக்கு வாங்குவதும் பெருகியது என்று வரலாற்றாசிரியர் பலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ஏதென்ஸுக்குத் தெற்கே இருந்த லாரியம் வெள்ளிச் சுரங்கங்களை எடுத்துக்கொள்வோம். கி.மு. 483இல் அங்கே கண்டறியப்பட்ட வளமான வெள்ளிப் படிவத்தின் வருவாயைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளாமல் போர்க்கப்பல் கட்டச் செலவிடுமாறு குடிமக்களை தெமிஸ்டோக்ளிஸ் இணங்க வைத்தார். அந்தக் கப்பல்களே கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படையை முறியடித்தன. தவழ்ந்து மட்டுமே செல்லக்கூடிய பாதைகளில், எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், அந்தச் சுரங்கங்களின் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். தளபதி நிக்கியாஸ் தமக்குச் சொந்தமான 1,000 அடிமைகளை, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் காசு வீதம், சோசியாஸ் என்ற திரேஸ்காரரிடம் சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்று கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: ஆட்களின் எண்ணிக்கை எப்போதும் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது, எவரேனும் இறந்துபோனால் வேறொருவரை வாங்கி அந்த இடத்தை நிரப்புவது சோசியாஸின் பொறுப்பு. 6 ஓபோல் சேர்ந்தால் ஒரு டிராக்மா. கைதேர்ந்த தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் கூலியும் ஏறக்குறைய ஒரு டிராக்மாதான். நிக்கியாஸுக்கோ இருந்த இடத்திலேயே நாளொன்றுக்கு 160 டிராக்மாவுக்கு மேல் வந்து சேர்ந்தது. இந்தக் கணக்கைக் கண்டு செனஃபோன் வருந்தவில்லை. ஒவ்வொரு குடிமகனுக்கும் மூன்று அடிமைகள் என்ற அளவு வரும்வரை நகரமே ஆட்களை வாங்கிச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று அவர் யோசனை கூறினார்.

விலைப்பட்டியலும் நம் கையில் இருக்கிறது. கி.மு. 415இல் ஏதென்ஸில் ஹெர்மிஸ் தெய்வத்தின் சிலைகள் சிதைக்கப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களின் சொத்துகள் ஏலம் விடப்பட்டு, அந்த விவரம் கல்லில் பொறித்து வைக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் கெஃபிசோடோரஸ், துறைமுக நகரான பிரேயஸில் குடியிருந்த அயலார். அவருடைய 16 அடிமைகளும் பிறந்த நாட்டையும் விலையையும் சொல்லி வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள்: திரேஸ் நாட்டுப் பெண் ஒருத்தி 165 டிராக்மா, சிரியா நாட்டு ஆண் ஒருவர் 301 டிராக்மா, காரியா நாட்டுச் சிறுவன் ஒருவன் 72 டிராக்மா. ஒரு கைவினைஞரின் 72 நாள் கூலி கொடுத்தால் அந்தச் சிறுவன் வாழ்நாள் முழுவதற்கும் ஒருவருக்குச் சொந்தம். கல்லில் அவனுக்கு ஊர் உண்டு, விலை உண்டு, பெயர் கிடையாது.

மக்களாட்சியின் அன்றாட நிர்வாகத்திலும் அடிமைகளே இருந்தார்கள். நகரில் ஒழுங்கைக் காத்த வில்லாளர்கள், அரசு விலைக்கு வாங்கிய ஸ்கித்தியர்கள். சந்தையில் மேசை போட்டு அமர்ந்து வெள்ளிக் காசு நல்லதா கள்ளதா என்று சோதித்தவரும் அரசு அடிமையே. அவர் கடமை தவறினால் 50 கசையடி என்று கி.மு. 375ஆம் ஆண்டையொட்டிய சட்டக் கல்வெட்டு விதிக்கிறது. பேச்சாளர் டெமோஸ்தனிஸின் தந்தைக்கு இரண்டு பட்டறைகள் இருந்தன. ஒன்றில் கத்தி செய்யும் முப்பதுக்கும் மேற்பட்ட அடிமைகள், மற்றொன்றில் கட்டில் செய்யும் 20 அடிமைகள். குடிமகன் வேலையை விட்டுவிட்டு மன்றத்தில் போய் அமர்ந்து வாக்களிக்க முடிந்ததற்கு இவர்களும் ஒரு காரணம். தாங்கள் எப்படி நடத்தப்படுகிறோம் என்பதை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். கி.மு. 413இல் பகை நகரமான ஸ்பார்ட்டாவின் படை ஏதென்ஸுக்கு அருகிலுள்ள டெசலியாவைக் கைப்பற்றி அரணமைத்தபோது 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடிப்போனார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோர் தொழில் தெரிந்தவர்கள் என்றும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார்.

ஸ்பார்ட்டாவின் ஹெலட்டுகளும் இதே வகை அடிமைகள்தானா?
— வாசகர், ஈரோடு

இல்லை. ஹெலட்டுகள் சந்தையில் வாங்கப்பட்டவர்கள் அல்லர். லகோனியாவிலும் மெசேனியாவிலும் தம் சொந்த மண்ணிலேயே அடிமைப்படுத்தப்பட்ட உழவர் குடிகள் அவர்கள்; குடும்பமாக வாழ்ந்தார்கள், விளைச்சலில் பெரும்பங்கை ஸ்பார்ட்டாவின் குடிமக்களுக்கு அளந்தார்கள். ஒரே மொழி பேசி ஒரே தெய்வங்களை வணங்கும் ஒரு மக்கள் கூட்டம் ஒன்றுதிரண்டு எழுந்துவிடும் என்ற அச்சம் ஸ்பார்ட்டாவை விட்டு நீங்கவே இல்லை. ஆண்டுதோறும் பதவியேற்கும் எஃபோர்கள் என்ற உயர் அதிகாரிகள் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். போர் அறிவித்துவிட்டால் அவர்களைக் கொல்வது பாவமாகாது என்பது கணக்கு. ஒருமுறை, போரில் சிறந்து நின்றவர்கள் முன்வந்தால் விடுதலை தருவதாகச் சொல்லி, தேறிய 2,000 பேருக்கு மாலையிட்டுக் கோயில்களைச் சுற்றிவரச் செய்து, பிறகு ஒருவர்கூட மிஞ்சாமல் அனைவரையும் மறையச் செய்தார்கள் என்று துசிடிடீஸ் பதிவு செய்கிறார். விடுதலை கேட்கும் துணிவுள்ளவரே முதலில் கலகம் செய்யக்கூடியவர் என்பது ஸ்பார்ட்டாவின் முடிவு. கி.மு. 369இல் தீபஸ் நகரத் தளபதி எபமினோண்டஸ் படையோடு வந்த பிறகே மெசேனியா விடுதலை பெற்றது.

அடிமைகள் தாங்களே எழுதிய எழுத்து ஏதேனும் கிடைத்திருக்கிறதா? எல்லாவற்றையும் எசமானர்களே எழுதிவைத்திருக்கிறார்களே.
— பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

நீங்கள் சொல்வது உண்மை. நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் மிகப் பெரும்பகுதி உடைமையாளர்களின் எழுத்துதான். ஏதென்ஸின் நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் செல்லுபடியாக வேண்டுமென்றால் அது வதைத்து வாங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே விதி. அடிமையின் வாயிலிருந்து தானாக வந்த சொல்லுக்கு அந்தச் சமூகம் வைத்த மதிப்பு அவ்வளவுதான்.

ஆனாலும் சில துணுக்குகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலில் ஒரு கிணற்றிலிருந்து அகழ்வாய்வாளர்கள் எடுத்த மெல்லிய ஈயத் தகடு ஒன்றில், கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடிதம் ஒன்று கீறப்பட்டிருக்கிறது. அனுப்புகிறவன் பெயர் லெசிஸ். பெறுகிறவர்கள் செனோக்ளிஸ் என்பவரும் லெசிஸின் தாயும். உலோக வார்ப்புப் பட்டறையில் தான் அழிந்துகொண்டிருப்பதைப் பாராமல் இருந்துவிட வேண்டாம் என்றும், தன் எசமானர்களிடம் வந்து பேசித் தனக்கு வேறொரு நல்ல இடம் பார்க்க வேண்டும் என்றும் அவன் கெஞ்சுகிறான். மிகக் கொடிய ஒருவனிடம் தான் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும், கசையடி பட்டே சாவதாகவும், கட்டிவைக்கப்பட்டிருப்பதாகவும், புழுதியைப் போல நடத்தப்படுவதாகவும் சொல்லி, வர வர அது கூடிக்கொண்டே போகிறது என்று முடிக்கிறான். லெசிஸ் அடிமையா, அல்லது அடிமைநிலையிலிருந்து விடுபட்ட ஒரு தாயின் மகனாகப் பட்டறையில் கூலிக்கு விடப்பட்டவனா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அடிபட்ட முதுகுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தகடு கிணற்றில் கிடந்ததால், கடிதம் தாயின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை என்று எண்ணவும் இடமுண்டு.

ரோமில் கிடைத்த இன்னொரு பொருளிலும் எழுத்து இருக்கிறது. ஆனால் அது அடிமையின் எழுத்தன்று. கி.பி. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரும்புக் கழுத்துப் பட்டை அது. அதில் தொங்கும் வெண்கலத் தகடு, அணிந்திருப்பவரே பேசுவதுபோல எழுதப்பட்டிருக்கிறது: நான் ஓடிவந்துவிட்டேன், என்னைப் பிடித்துக்கொள், என் எசமானர் சோனினஸிடம் திருப்பிக் கொண்டுபோனால் உனக்கு ஒரு பொற்காசு கிடைக்கும். இத்தகைய பட்டைகள் பல கிடைத்திருக்கின்றன. ஓடிப்போவது அவ்வளவு வழக்கமாக இருந்திருக்கிறது.

ரோமானியர்களுக்கு இத்தனை அடிமைகள் எங்கிருந்து கிடைத்தார்கள்? அவர்களை எப்படி நடத்தினார்கள்?
— வாசகர், புதுச்சேரி

முதல் வழி போர். கி.மு. 167இல் ரோமானியத் தளபதி எமிலியஸ் பாலஸின் படை எப்பிரஸ் நாட்டின் 70 ஊர்களைச் சூறையாடி 1,50,000 பேரை அடிமைகளாக்கியது என்று பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கி.மு. 146இல் கார்த்தேஜ் வீழ்ந்தபோது சரணடைந்த சுமார் 50,000 பேரும் விற்கப்பட்டார்கள். படைகளின் பின்னாலேயே வணிகர்கள் சென்றார்கள். ஈஜியன் கடலில் உள்ள சிறு தீவான டெலோஸ், கி.மு. 166இல் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவிக்கப்பட்டபின் அடிமை வணிகத்தின் பெருஞ்சந்தையானது. ஒரே நாளில் பதினாயிரக்கணக்கானவர்களை இறக்கி விற்று அனுப்பக்கூடிய இடம் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ அதைப் பற்றிச் சொல்கிறார். அங்கே வந்த சரக்கில் பெரும்பகுதி கடற்கொள்ளையர் பிடித்துவந்த மனிதர்கள். பேரரசு விரிவது நின்றபின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளும், பெற்றோர் வளர்க்க முடியாமல் தெருவில் விட்டுச்சென்ற குழந்தைகளும் அந்த இடத்தை நிரப்பினார்கள். தந்தை யாராக இருந்தாலும் அடிமைத் தாயின் குழந்தை, தாயின் உடைமையாளருக்கே சொந்தம். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அடிமைப் பெண்ணுக்கு வேலையிலிருந்து ஓய்வும், அதற்கு மேல் பெற்றவளுக்கு விடுதலையும் தான் தந்ததாக வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா எழுதுகிறார். பரிசு என்ற பெயரில் அவர் சொல்வது, அவளுடைய பிள்ளைகள் அவருடைய பண்ணைக்கு ஆட்களாகச் சேர்ந்துவிட்டார்கள் என்பதைத்தான்.

சந்தையில் விற்பனைக்கு நிறுத்தப்படுபவரின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். நோய் உண்டா, குறை உண்டா, ஓடிப்போன வரலாறு உண்டா என்பதையெல்லாம் விற்பவர் அறிவித்தாக வேண்டும் என்பது சந்தை அதிகாரிகளின் ஆணை. மறைத்து விற்றால் வாங்கியவர் வழக்குத் தொடரலாம். கடல் கடந்து புதிதாக வந்தவர்களின் பாதங்களில் சுண்ணாம்பு பூசி நிறுத்தினார்கள். வாங்குபவரை ஏமாறாமல் காப்பதற்கு ரோமானியச் சட்டம் எடுத்துக்கொண்ட அக்கறையைப் படிக்கும்போது, எவருடைய நலன் அங்கே கணக்கில் இருந்தது என்பது விளங்கிவிடும்.

வாழ்க்கை எப்படி இருந்தது என்பது அடிமை எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. நகரத்துச் செல்வர் வீட்டில் எழுத்தராக இருந்தவருக்கும் பண்ணையில் விலங்கிடப்பட்டு மண்வெட்டி பிடித்தவருக்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. பண்ணை நிலவரத்தை மூத்த கேட்டோ (கி.மு. 234–149) ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறார். வயலில் வேலை செய்பவருக்கு மாதம் குளிர்காலத்தில் 4 மோடியஸ் கோதுமை, கோடையில் நாலரை. ஒரு மோடியஸ் என்பது ஏறக்குறைய ஆறரை கிலோ. விலங்கிடப்பட்டவருக்குக் கோதுமைக்குப் பதிலாக நாளொன்றுக்கு 4 ராத்தல் ரொட்டி. திராட்சைக் கொடிகளுக்கு மண் கிளறத் தொடங்கும்போது 5 ராத்தல். அத்திப்பழம் கிடைக்கத் தொடங்கியதும் மீண்டும் 4. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓர் அங்கியும் ஒரு போர்வையும் தரலாம். தருமுன் பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், ஒட்டுப்போட உதவும். பண்ணையில் கழித்துவிட வேண்டியவற்றை அவர் ஒரே மூச்சில் அடுக்குகிறார்: கிழட்டு எருதுகள், பழைய வண்டி, பழைய கருவிகள், கிழட்டு அடிமை, நோயாளி அடிமை. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து கேட்டோவின் வரலாற்றை எழுதிய புளூட்டார்க், தமக்காக உழைத்துக் களைத்த எருதைக்கூடத் தாம் விற்கமாட்டேன் என்று சொல்லி இந்த இடத்தில் அவரைக் கண்டிக்கிறார். படித்துக்கொண்டே வரும்போது அந்த வரி நெஞ்சுக்கு ஆறுதலாக இருக்கிறது.

ரோமில் அடிமைகள் எளிதில் விடுதலை பெற்றார்கள், செல்வந்தராகக்கூட ஆனார்கள் என்கிறார்களே. அப்படியானால் அது அவ்வளவு கொடுமையானது அல்ல என்று சொல்லலாமா?
— வங்கி அலுவலர், சேலம்

முதல் பகுதி உண்மை. அதிலிருந்து நீங்கள் கேட்கும் முடிவுக்குப் போக முடியாது.

ரோமக் குடிமகன் முறைப்படி விடுவித்த அடிமைக்குக் குடியுரிமையும் கிடைத்தது. கிரேக்க நகரங்களில் இது கிடையாது. ஏதென்ஸில் அடிமையாக இருந்து வங்கி நடத்திச் செல்வரான பாசியோன் குடியுரிமை பெற்றது மிக அரிதான செய்தி. ரோமில் சிசெரோவின் செயலாளர் டைரோ கி.மு. 53இல் விடுதலை பெற்றார். பேரரசர் கிளாடியஸின் காலத்தில் நார்சிசஸும் பல்லாஸும், அடிமைகளாக இருந்து விடுபட்டவர்கள், அரசு அலுவலகங்களையே நடத்தினார்கள். மெய்யியலாளர் எபிக்டெட்டஸ் அடிமையாக வளர்ந்தவர். அடிமை தமக்கென்று சிறிது பணம் சேர்த்துக்கொள்ளவும் வழக்கம் இடம் தந்தது. சட்டத்தின் கண்ணில் அதுவும் எசமானருடையதே என்றாலும், அதைச் சேர்த்துத் தம் விலையைத் தாமே கட்டி விடுதலை பெற்றவர்கள் பலர்.

இந்த ஏற்பாட்டால் எசமானருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒருவர் இருபது ஆண்டு கடுமையாக உழைக்கிறார். கடைசியில் தம் விலையையும் தாமே கொடுக்கிறார். அந்தப் பணத்தில் எசமானர் இளையவர் ஒருவரை வாங்கிக்கொள்கிறார். விடுதலைக்குப் பிறகும் பழைய எசமானருக்குச் சில நாள் வேலை செய்து தர வேண்டிய கடமை பலருக்கு நீடித்தது. கிரேக்கத்தின் டெல்ஃபி கோயில் சுவர்களில் விடுதலைப் பத்திரங்கள் ஆயிரத்துக்கும் மேல் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அடிமையின் பணத்தைக் கொண்டே அவரை அப்பல்லோ தெய்வத்துக்கு விற்றதாக எழுதுவது அங்கே முறை. பணத்தையும் வாங்கிக்கொண்டு, எசமானர் இறக்கும்வரை அவர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டு உடனிருக்க வேண்டும் என்று அவற்றில் பல விதிக்கின்றன. சிலவற்றில் விடுதலை பெறும் பெண், தனக்குப் பதிலாக ஒரு குழந்தையைப் பெற்று விட்டுச்செல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பிறகு இந்த ஏற்பாட்டை இரக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கி.பி. 61இல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோம நகரின் தலைமை அதிகாரி பெடானியஸ் செகுண்டஸ், தம் அடிமைகளுள் ஒருவரால் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். விடுதலைக்கு விலை பேசிவிட்டுப் பின் மறுத்தது காரணமாக இருக்கலாம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், காதல் போட்டி என்ற இன்னொரு காரணத்தையும் தருகிறார். எசமானர் வீட்டில் கொல்லப்பட்டால் அதே கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அனைவரும் மரண தண்டனை பெற வேண்டும் என்பது பழைய விதி. அந்த வீட்டில் இருந்தவர்கள் 400 பேர். பெண்களும் குழந்தைகளும் உட்பட. நகரத்து எளிய மக்கள் கொதித்தெழுந்து செனட் அவையைச் சூழ்ந்துகொண்டார்கள். அவைக்குள் சட்ட அறிஞர் காசியஸ் எழுந்து, அச்சத்தைக் கொண்டல்லாமல் இந்தக் கூட்டத்தை அடக்க முடியாது என்று வாதிட்டார். அவர் பக்கமே பெரும்பான்மை நின்றது. மக்கள் கற்களும் தீப்பந்தங்களும் ஏந்தி வழிமறித்தபோது, பேரரசர் நீரோ வழிநெடுகப் படைவீரர்களை நிறுத்தி 400 பேரையும் கொலைக்களத்துக்கு அனுப்பினார். விடுதலையும் இந்தத் தண்டனையும் ஒரே முறையின் இரு கருவிகள். ஒன்று ஆசை காட்டியது, மற்றது அச்சம் காட்டியது.

பழைய சினிமாக்களில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட அடிமைகள் போர்க்கப்பலில் துடுப்பு வலிப்பதைக் காட்டுகிறார்கள். அது உண்மையா? அந்த அடிமைகள் கறுப்பினத்தவரா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

சங்கிலியிட்ட துடுப்பு அடிமைகள் பிற்கால நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்கள். ஏதென்ஸின் போர்க்கப்பல்களிலும் ரோமானியக் கடற்படையிலும் துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெற்ற சுதந்திர மனிதர்கள். அடிமைகளும் இடையிடையே அவர்களோடு அமர்ந்து வலித்ததுண்டு; கி.மு. 406இல் அர்கினூசேப் போருக்கு ஆள் போதாமல் அடிமைகளைத் திரட்டிய ஏதென்ஸ், வென்றபின் அவர்களுக்கு விடுதலை அளித்தது. தோலின் நிறத்துக்கும் அங்கே அடிமைநிலைக்கும் தொடர்பில்லை. ரோமில் அடிமைகள் தனி உடை அணிய வேண்டும் என்று ஒருமுறை செனட்டில் பேச்சு எழுந்தபோது, எசமானர்களாகிய நாம் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டால் ஆபத்து என்பதை உணர்ந்து அதைக் கைவிட்டார்கள் என்று மெய்யியலாளர் செனெகா எழுதுகிறார். தெருவில் பார்த்தவுடன் அடையாளம் காண முடியாதவர்களாக இருந்ததால்தான் அந்தப் பேச்சே எழுந்தது.

ரோமானிய வணிகம் நம் பக்கம்வரை வந்திருக்கிறது. அந்த வணிகத்தில் அடிமைகளும் வந்தார்களா?
— வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் கேள்விக்கு நேரடியான சான்றே உண்டு. அதுவும் இலங்கையைத் தொட்டது. நைல் நதிக்கரையிலிருந்து செங்கடல் துறையான பெரெனிகேவுக்குச் செல்லும் பாலைவன வழியில், வணிகர்கள் நிழலுக்கு ஒதுங்கிய பாறை ஒன்றில், கிரேக்கத்திலும் லத்தீனிலும் இருமுறை கீறப்பட்ட வாசகம் இருக்கிறது: புப்ளியஸ் அன்னியஸ் ப்ளோகாமஸின் அடிமை லைசாஸ் இங்கே வந்தான். தேதி, கி.பி. 6ஆம் ஆண்டு ஜூலை. அந்தக் கோடையில் பாலைவனத்தைக் கடந்து எசமானரின் வேலையாகச் சென்ற ஒருவர், தம் பெயரைத் தம் கையாலேயே விட்டுச்சென்றார் என்று எண்ணத் தோன்றுகிறது.

செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் ப்ளோகாமஸ் என்பவரை ரோமானிய எழுத்தாளர் பிளினியும் குறிப்பிடுகிறார். அவருடைய விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கடற்கரையை ஒட்டிச் செல்லும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, 15ஆம் நாள் தப்ரபேன், அதாவது இலங்கை, கரைசேர்ந்தார். அங்கே ஆறு மாதம் அரசரின் விருந்தினராக இருந்து மொழியும் பழகிக்கொண்டார். அவரிடமிருந்த காசுகளில் வெவ்வேறு பேரரசர்களின் உருவம் இருந்தும் எடை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு வியந்த இலங்கை அரசர், கிளாடியஸின் அவைக்குத் தூதர்களை அனுப்பினார். அந்தத் தூதர்களின் தலைவர் பெயரைக் குறித்துவைத்த பிளினி, இத்தனைக்கும் காரணமான அந்த விடுதலை பெற்றவரின் பெயரை எழுதவில்லை. எசமானரின் பெயரோடு நிறுத்திக்கொண்டார்.

ஸ்பார்ட்டகஸைத் தவிர வேறு எவரும் எதிர்த்துக் கிளம்பவில்லையா?
— தொழிற்சங்க உறுப்பினர், கோயம்புத்தூர்

கிளம்பினார்கள். ஸ்பார்ட்டகஸுக்கு அறுபது ஆண்டுகள் முன்பே சிசிலியில் ஒரு பெரும் கலகம் வெடித்தது. என்னா என்ற ஊரில் டமோஃபிலஸ் என்ற பண்ணை முதலாளி இருந்தார். உடுக்க ஆடையின்றி வந்து கேட்ட அடிமைகளிடம், இவ்வழியே செல்லும் பயணிகள் அம்மணமாகவா போகிறார்கள் என்று கேட்டு, அடித்து அனுப்பினார் அவர். வழிப்பறி செய்து உடுத்திக்கொள்ளுங்கள் என்பது பொருள். கி.மு. 135ஐ ஒட்டி சுமார் 400 பேர் சேர்ந்து எழுந்து ஊரைக் கைப்பற்றினார்கள். சிரியாவின் அபமேயாவிலிருந்து வந்த யூனஸ் என்பவரைத் தலைவராக்கி, தம் நாட்டு மன்னர் மரபுப்படி அந்தியோக்கஸ் என்று முடிசூட்டினார்கள். டமோஃபிலஸும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள். ஆனால் அடிபட்ட அடிமைகளுக்கு மருந்திட்டும் கட்டிவைக்கப்பட்டவர்களுக்கு உதவியும் வந்த அவர்களுடைய மகளை ஒரு கீறல்கூடப் படாமல், கட்டானா ஊரிலிருந்த உறவினர்களிடம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கலகக்காரர்களை வெறிபிடித்த கூட்டமாகச் சித்திரிப்பவர்கள் வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதிய இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கலகம் கி.மு. 132இல்தான் அடக்கப்பட்டது, கி.மு. 104இல் அதே தீவில் மீண்டும் எழுந்தது.

ஸ்பார்ட்டகஸின் வரலாறு நீங்கள் அறிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 73இல் காப்புவா நகரின் வாட்போர்ப் பள்ளியிலிருந்து எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் சமையலறைக் கத்திகளோடும் இறைச்சி சுடும் கம்பிகளோடும் தப்பினார்கள். வெசுவியஸ் மலையில் முற்றுகையிடப்பட்டபோது காட்டுக் கொடிகளைப் பின்னி ஏணியாக்கி இறங்கி ரோமானியப் படையைப் பின்புறமிருந்து தாக்கினார்கள். கொள்ளைப் பொருளை ஸ்பார்ட்டகஸ் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டார். கி.மு. 71இல் ரோமானியத் தளபதி கிராசஸ் அவர்களை வென்று, பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோம்வரை அப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார். சாலையின் நீளம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சராசரியாக முப்பது, முப்பத்தைந்து மீட்டருக்கு ஒரு சிலுவை.

அந்தக் காலத்து வழக்கம் அது, இன்றைய அளவுகோலால் அவர்களை எடைபோடலாமா என்று என் ஆசிரியர் கேட்டார். அந்தக் காலத்தில் யாருமே இதைத் தவறென்று சொல்லவில்லையா?
— ஆய்வு மாணவி, மதுரை

சொன்னார்கள். அதற்கான சான்று அடிமைமுறைக்கு வாதாடியவரிடமே கிடைக்கிறது. அடிமை என்பவர் உயிருள்ள உடைமை என்றும், சிலர் பிறப்பிலேயே அடிமைகள் என்றும் அரிஸ்டாட்டில் வாதிட்டார். நெசவு ஓடம் தானே ஓடினால் எசமானருக்கு அடிமை தேவைப்படாது என்று எழுதியவரும் அவரே. அந்த வாதத்தைத் தொடங்குமுன், அடிமைமுறை இயற்கைக்கு மாறானது, வெறும் சட்டத்தால் ஆனது, வன்முறையை அடிப்படையாகக் கொண்டதால் நீதியற்றது என்று கூறும் ஒரு தரப்பு இருப்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். மறுக்க வேண்டிய அளவுக்கு அந்தக் குரல் ஒலித்திருக்கிறது. மெசேனியரின் விடுதலையை ஆதரித்துப் பேசிய அல்கிடாமஸ், கடவுள் எல்லோரையும் சுதந்திரமாகவே விட்டார், இயற்கை எவரையும் அடிமையாக்கவில்லை என்று கூறியது இன்றும் எஞ்சியிருக்கிறது.

ரோமில் செனெகா, அடிமைகளும் நம்மைப் போல ஒரே வித்திலிருந்து பிறந்தவர்கள், அவர்களோடு அமர்ந்து உண்பதில் இழிவில்லை என்று நண்பருக்கு எழுதினார். ஆனால் பெருஞ்செல்வரான அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள், அந்த முறையையே நீக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கிளாடியஸ், நோயுற்ற அடிமைகளைக் கைவிடுவோர் அவர்கள் மீதான உரிமையை இழப்பர் என்றும், மருத்துவம் செய்வதைத் தவிர்க்கக் கொன்றுவிட்டால் அது கொலையே என்றும் ஆணையிட்டார். டைபர் நதியின் தீவில் நோயாளி அடிமைகளைக் கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் பெருகியிருந்ததே அந்த ஆணைக்குக் காரணம். அடிமையை வைத்திருப்பதே பாவம் என்று முழுமூச்சாகக் கண்டித்தவர், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நிசா நகர ஆயர் கிரெகோரி. கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட ஒருவருக்கு நீ என்ன விலை நிர்ணயித்தாய், அந்த விலையை எந்தக் காசில் கொடுத்தாய் என்று அவர் தம் சொற்பொழிவில் கேட்கிறார். திருச்சபையில் அவரைப் பின்பற்றி அப்படிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

எனவே, காலத்தின் வழக்கம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. டெசலியாவுக்கு ஓடிய 20,000 பேரும், கழுத்தில் பட்டை மாட்டப்பட்டவர்களும், பெடானியஸின் வீட்டு அடிமைகளுக்காகக் கற்களோடு நின்ற ரோமின் ஏழைகளும் அதே காலத்தவர்கள்தாம். அவர்களுடைய அளவுகோலை விட்டுவிட்டு எசமானர்களின் அளவுகோலை மட்டும் அந்தக் காலத்தின் அளவுகோல் என்று எடுத்துக்கொள்வது நியாயமன்று. சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, அடிமைமுறை இயற்கைக்கு மாறாக ஒருவரை மற்றொருவரின் ஆட்சிக்கு உட்படுத்துவது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அப்படிக் கூறிவிட்டு, அடிமையை வாங்குவதும் விற்பதும் மரபுரிமையாக விடுவதும் எப்படி என்பதைப் பக்கம் பக்கமாக வகுத்துச் செல்கிறது.